அம்மாவின் அலமாரியில் நான்கு பேர்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டே கால். போலீஸ் ஸ்டேஷனின் தொலைபேசி விடாமல் அலறியது!

இன்ஸ்பெக்டர் அம்மா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். ஏட்டு ரிசீவரை எடுத்துக் கேட்டார். முகம் மாறியது.

"மேடம், ஆஸ்பத்திரியிலேருந்து பேசறாங்க. ஒரு தையற்கார அம்மா மாடிப்படியிலேருந்து விழுந்துட்டாங்களாம். தலையில பலமான அடி."

"விழுந்தவங்களுக்கு டாக்டர் போதுமே. நான் எதுக்கு?"

"விழலையாம் மேடம். தள்ளி விட்டாங்களாம். ஆம்புலன்ஸ்ல அந்த அம்மாவே வாயைத் திறந்து சொல்லியிருக்காங்க."

டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டது.

"யாருன்னு சொன்னாங்களா?"

"சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் பையன் யாருன்னு கேட்டிருக்கான். 'சிட்டு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் மயக்கம்."

"சிட்டு யாரு?"

"அவங்க கடைசிப் பையனாம்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். குற்றம் நடந்து முக்கால் மணி நேரம். குற்றவாளியின் பெயர் கையில்! சாப்பாடு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தார்.

பாவம், அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது.

*

மாடி வீடு. வாசல் கதவும் பின்கதவும் உள்பக்கம் தாழிட்டிருந்தன என்று எல்லோருமே சத்தியம் செய்தார்கள். அதாவது, வெளியாள் யாரும் வரவில்லை. தள்ளியவர் உள்ளேயே இருக்கிறார்!

ஹாலில் வரிசையாக நிற்க வைத்தார் இன்ஸ்பெக்டர்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. பேரு, வேலை, பதினொன்றரைக்கு எங்க இருந்தீங்க."

"கிட்டு. மூத்த பையன். மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். இதே சோபாவுல பேப்பரை மூஞ்சியில போட்டுத் தூங்கிட்டு இருந்தேன்."

"பட்டு. ரெண்டாவது. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். சமையலறையில மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல."

பட்டுவின் கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"நான் இந்த வீட்டு மாப்பிள்ளை. மருந்துக் கம்பெனி ரெப்ரசென்டேட்டிவ். மாசத்துல பாதி நாள் வெளியூர். பதினொன்றரைக்குக் குளிச்சிட்டு இருந்தேன்."

கடைசியாக நின்றவனின் கையில் ஈரம். கண்ணிலும்.

"சிட்டு. லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடியில தண்ணித் தொட்டி கழுவிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா, அம்மா கீழே கிடந்தாங்க. நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன்."

"உங்கம்மா உங்க பேரைத்தான் சொல்லியிருக்காங்க. தள்ளினது சிட்டுன்னு."

சிட்டு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அம்மா... என் பேரையா சொன்னாங்க?"

"கையை நீட்டுங்க."

"விலங்கு போடுங்க மேடம், பரவாயில்ல. அம்மா நிஜமாவே என் பேரையா சொன்னாங்க?"

ஏட்டு விலங்கைப் பூட்டினார். கொலை முயற்சி. அம்மா பிழைக்காவிட்டால் கொலை! ஆனால் அவனை உலுக்கியது அது இல்லை. பெற்றவள் தன்னைக் காட்டிக் கொடுத்தாள் என்பதுதான்.

பட்டு குறுக்கே வந்து நின்றாள்.

"மேடம், ஒரு நிமிஷம். எங்கம்மா சொல்ற பேரை வச்சு யாரையும் பிடிக்காதீங்க. அவங்க ஒரு நாளும் ஒரு பேரைச் சரியா சொன்னதில்ல."

"என்ன சொல்றீங்க?"

"என்னைக் கூப்பிடணும்னா, கிட்டு... சிட்டு... டிட்டு... ச்சீ, பட்டுன்னு வருவாங்க. நாலாவது ஸ்டாப்பிங்லதான் இறங்குவாங்க. சிட்டுவைக் கூப்பிட்டா நான் போய் நிப்பேன். எங்க மூணு பேருக்குமே பழகிப் போச்சு."

"டிட்டு யாரு? அவர் ஏன் வரிசையில இல்ல?"

கிட்டு சோபாவுக்கு அடியில் கையைக் காட்டினான். அங்கிருந்து ஒரு வால் மட்டும் தெரிந்தது.

"கிட்டு, பட்டு, சிட்டு, டிட்டு." இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். "இப்படியெல்லாம் பேர் வச்சது யாரு?"

"அம்மாதான்."

"நல்லா வச்சாங்க. அனுபவிக்கறது நான்."

மாப்பிள்ளை மெல்லச் சிரித்தான்.

"என்னை மட்டும் அத்தை ஒரு தடவைகூட மாத்திக் கூப்பிட்டதில்ல மேடம். பன்னெண்டு வருஷமா மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளைதான். அவ்வளவு மரியாதை."

இன்ஸ்பெக்டர் மாடிக்கு ஏறினார். படி முடிகிற இடத்திலேயே தையல் அறை. துணி வெட்டும் மேசை மீது பாதி வெட்டிய நீலத் துணி. கத்தரிக்கோல். அதன் பக்கத்தில், தையல் சாக்கட்டியால் மேசைப் பலகையிலேயே எழுதிய ஓர் எண்... நீளமாக.

"இது என்ன அளவு? இவ்வளவு நீளத்துல யாருக்குச் சட்டை?"

"அளவு இல்ல மேடம், போன் நம்பர்," என்றார் ஏட்டு. "அந்த அம்மாவோட போன்லேயும் கடைசியா இதுக்குத்தான் பேசியிருக்காங்க. பதினோரு மணிக்கு. நாலு நிமிஷம்."

"போட்டுப் பாருங்க."

ஏட்டு போட்டார். "ஹலோ, போலீஸ் ஸ்டேஷன்லேருந்து..." என்று ஆரம்பித்தார். எதிர்முனையில் ஒரு பெண் குரல், ராங் நம்பர் என்றது. லைன் கட்.

கீழே வந்து குடும்பத்திடம் எண்ணைக் காட்டினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் தலையை ஆட்டி மறுத்தது மாப்பிள்ளைதான்.

*

ஆஸ்பத்திரி. மூளை நரம்பு வார்டு. குடும்பம் மொத்தமும் பின்னாலேயே வந்திருந்தது.

டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். பென்சிலைக் கடித்துக்கொண்டே பேசுகிற பெண்.

"உயிருக்கு ஆபத்து இல்ல. கண் முழிச்சுட்டாங்க. ஆனா தள்ளின அந்த நிமிஷம் இப்போதைக்கு அவங்க ஞாபகத்துல இல்ல. நாளைக்கு வரலாம். வராமலேயும் போகலாம்."

"ஆம்புலன்ஸ்ல பேர் சொல்லியிருக்காங்க டாக்டர். அது போதும். ஆனா இந்தக் குடும்பம் என்னமோ கதை சொல்லுது."

டாக்டர் கதையைக் கேட்டார். பென்சில் வாயிலிருந்து வெளியே வந்தது. கண்ணில் ஒரு குறும்பு!

"வாங்க, பார்த்துடலாம்."

கட்டுப் போட்ட தலையோடு அம்மா படுத்திருந்தார். பட்டு தன் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

கிட்டுவின் படம்.

"பட்டு," என்றார் அம்மா.

பட்டுவின் படம்.

"கிட்டு... இல்ல, சிட்டு."

சிட்டுவின் படம்.

"டிட்டு."

நாயின் படம்.

"சிட்டு. பாவம், சாப்பிட்டானா?"

விலங்கோடு வாசலில் நின்ற சிட்டு தலையைக் குனிந்துகொண்டான்.

மாப்பிள்ளையின் படம்.

"மாப்பிள்ளை." பளிச்சென்று வந்தது பதில். தடுமாற்றமே இல்லை.

டாக்டர் எல்லோரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்.

"அடிபட்டதுனால வந்த கோளாறா டாக்டர்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்ல. நல்லா இருக்கற மூளையே இப்படித்தான். நம்ம மண்டைக்குள்ள வார்த்தைங்க அகராதி மாதிரி வரிசையா இல்ல மேடம். அலமாரி மாதிரி இருக்கு. பாத்திரம் ஒரு தட்டு, காய்கறி ஒரு தட்டு. பிரியமானவங்க பேரு எல்லாம் ஒரே தட்டு. பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க, வளர்க்கற நாய் உள்பட. அவசரத்துல கையை விட்டா, தேடறதுக்குப் பக்கத்துல இருக்கறது வந்துடும்."

"இவங்களுக்கு நாலுக்கு நாலும் தப்பா வருதே."

"ஓசை ஒண்ணா இருக்கற பேருங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒரே தட்டு, ஒரே ஓசை. சரியா வந்தாத்தான் ஆச்சரியம்."

"மாப்பிள்ளை மட்டும் எப்படிச் சரியா வந்தாரு?"

"அவர் வேற தட்டு."

"எந்தத் தட்டு?"

"வக்கீல், பேங்க் மேனேஜர், போலீஸ்... மரியாதை கொடுக்க வேண்டியவங்க தட்டு."

மாப்பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. பன்னிரண்டு வருஷப் பெருமை ஆயிற்றே! ஆனால் அடுத்த விநாடி அவனுக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. முகம் மலர்ந்தது.

"அப்படின்னா டாக்டர், அத்தை சிட்டுன்னு சொன்னா, அது கிட்டுவா இருக்கலாம், பட்டுவா இருக்கலாம், நாயா இருக்கலாம். என்னைத் தவிர யாரா வேணும்னாலும் இருக்கலாம். சரிதானே?"

"சரிதான்."

"அத்தான்," என்றான் சிட்டு. "அக்காவையும் சேர்த்தா சொல்றீங்க?"

"நான் சொல்லலப்பா. விஞ்ஞானம் சொல்லுது."

பட்டு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"என்னால நம்ப முடியல டாக்டர். நல்லா இருக்கற மூளையும் தடுமாறும்னு சொல்றீங்க. வயசானவங்களுக்குச் சரி. மத்தவங்களுக்கு?"

"நடத்திக் காட்டவா?"

டாக்டர் லேப்டாப்பைத் திறந்தார். குடும்பப் படங்களை அதில் ஏற்றினார். டக்... டக்... டக்... என்று விநாடிக்கு ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு படம் மாறும்.

"பேர் ஞாபகம் வராத நோயாளிங்களுக்கு நாங்க தினம் செய்யற பரிசோதனைதான். படம் வந்ததும் பேரைச் சொல்லணும். இடது கையால மேசையைத் தட்டிக்கிட்டே இருக்கணும். யோசிக்க நேரம் கிடையாது."

கிட்டு உட்கார்ந்தான். எட்டாவது படத்தில் தங்கையைப் பார்த்து "டிட்டு!" என்றான்.

"அண்ணா," என்றாள் பட்டு, "நான் நாயா?"

"அலமாரியில கை தானா போச்சும்மா. நான் என்ன பண்றது?"

ஏட்டு ஆசைப்பட்டு, தன் போனிலிருந்த படங்களை ஏற்றச் சொல்லி உட்கார்ந்தார். மூன்றாவது படத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்து "சம்சாரம்" என்று சொல்லிவிட்டு, எழுந்து மூலையில் போய் நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் கவனம் இல்லாத ஆளுங்களுக்கு வர்றது மேடம். நான் முன்னூறு மருந்துப் பேர் மனப்பாடமா சொல்லுவேன். பாதிப் பேரு ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணுகூட மாறாது. நான் உக்கார்றேன், பாருங்க."

உட்கார்ந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

டக்... "கிட்டு."

டக்... "டிட்டு."

டக்... "சிட்டு."

டக்... "அத்தை."

டாக்டர் வேகத்தைக் கூட்டினார்.

டக்... "சிட்டு." டக்... "டிட்டு." டக்... "கிட்டு."

டக்... திரையில் பட்டு. கல்யாண நாளில் எடுத்த படம்.

"மொட்டு."

டக்... டக்... என்று லேப்டாப் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் இடது கை மேசை மேல் அப்படியே நின்றுவிட்டது.

கிட்டு தலையைச் சொறிந்தான்.

"மொட்டுன்னு எங்க வீட்ல யாரும் இல்லையே."

"யாருங்க மொட்டு?" பட்டு கேட்டாள்.

"அது... வாய் தவறிடுச்சு. ஓசை ஒண்ணா இருக்கறதுனால... டாக்டர்தான் சொன்னாங்களே."

"ஓசை மட்டும் போதாதுங்க," டாக்டர் பென்சிலால் திரையைத் தட்டினார். "தட்டும் ஒண்ணா இருக்கணும். உங்க அலமாரியில பட்டுவுக்குப் பக்கத்துல ஒரு மொட்டு உக்காந்திருக்காங்க."

"பக்கத்துலன்னா எவ்வளவு பக்கத்துல டாக்டர்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பட்டுவுக்கு முன்னாடி அவங்க கையில மாட்டற அளவுக்கு."

பட்டுவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளையின் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலைந்து, வியர்வை படர ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தன் போனை எடுத்தார். சாக்கட்டியில் எழுதியிருந்த எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு மேசை மீது வைத்தார்.

"மேடம், அந்த நம்பர் எதுக்கு இப்ப..." மாப்பிள்ளை எழுந்தான்.

ஏட்டு அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

ரிங் போனது. எடுத்தார்கள்.

"ஹலோ, மொட்டுங்களா?" இன்ஸ்பெக்டரின் குரலில் இப்போது போலீஸே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி பேசினார்.

"ஆமா... நீங்க யாரு?"

"மருந்துக் கம்பெனிக்காரரு இங்க என் பக்கத்துலதான் இருக்காரு."

"அப்பாடா. அவர் போன் ஏன் ஆஃப்ல இருக்கு? காலையிலேருந்து பயந்துக்கிட்டு இருக்கேன். அவர் மாமியார் எனக்குப் போன் பண்ணாங்க. இன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் உக்காரும்போது பொண்ணுகிட்ட உடைச்சிடுவேன்னு சொன்னாங்க."

"அதை நீங்க இவருகிட்ட சொன்னீங்களா?"

"உடனே சொன்னேனே. பதினொண்ணே காலுக்கு. நான் பார்த்துக்கறேன்னு சொல்லி வச்சுட்டாரு. பார்த்துக்கிட்டாரா?"

"பார்த்துக்கிட்டாருங்க. மாடிப்படியில வச்சு."

இன்ஸ்பெக்டர் போனை அணைத்தார்.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"காலையில தையல் டேபிள் மேல என் போனை வச்சுட்டுப் போயிட்டேன். அவ பேரு அதுல வந்துச்சு. அத்தை பார்த்து நம்பரை எழுதிக்கிட்டாங்க. பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு மாடிக்குப் போனேன். கெஞ்சினேன் மேடம். கேக்கவே இல்ல. இறங்கி வரப் பார்த்தாங்க. தள்ளிட்டேன்."

பட்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். கிட்டு தங்கையின் கையைப் பிடித்தான்.

ஏட்டு சிட்டுவின் விலங்கைக் கழற்றினார். அவன் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

"அப்புறம் ஏன் மேடம் அம்மா என் பேரைச் சொன்னாங்க?"

நல்ல கேள்வி! மாப்பிள்ளைதான் வேறு தட்டு ஆயிற்றே... அவனைச் சொல்ல வந்து சிட்டு என்று சொல்லவே முடியாதே!

இன்ஸ்பெக்டர் ஆம்புலன்ஸ் உதவியாளரை வரவழைத்தார். கையில் ஃபாரம் கட்டோடு வந்து நின்றார் அவர்.

"வண்டிக்குள்ள நீங்க என்ன கேட்டீங்க, அந்த அம்மா என்ன சொன்னாங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"எப்படிம்மா விழுந்தீங்கன்னு கேட்டேன். விழல, தள்ளி விட்டாங்கன்னு சொன்னாங்க. யாருன்னு கேட்டேன்."

"சிட்டுன்னு சொன்னாங்க."

"இல்ல மேடம். அதுக்குப் பதிலே சொல்லல. கண்ணு சொருகிடுச்சு. சரி, ஃபாரத்தையாவது முடிப்போம்னு முதல் கட்டத்தைக் கேட்டேன். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். யாருக்கும்மா தகவல் சொல்லணும்னு. அதுக்குத்தான் சிட்டுன்னு சொன்னாங்க."

"ரெண்டு கேள்வி. ஒரு பதில்," என்றார் இன்ஸ்பெக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆஸ்பத்திரியில நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"யாருன்னு கேட்டேன், சிட்டுன்னு சொன்னாங்கன்னு... அவசரத்துல சுருக்கிட்டேன் மேடம்."

ஃபாரத்தை நீட்டினார். சிட்டு அதை வாங்கிப் பார்த்தான். முதல் கட்டத்தில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: தகவல் சொல்ல வேண்டியவர் - சிட்டு.

அதற்கப்புறம்தான் அவன் அழுதான். லிஃப்ட் கம்பியைப் பிடித்துக் காய்த்துப்போன கை, அந்தக் காகிதத்தைக் கசங்காமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கிட்டுவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"மூத்தவன் நான் ஒருத்தன் இருக்கேன். சாகக் கிடக்கும்போது என் பேரு வரல பாருங்க."

"சார்," என்றார் டாக்டர், "அவங்க சிட்டுன்னு சொன்னது உங்களைத்தானோ என்னவோ."

"அட, ஆமால்ல?" கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நாயையும் சொல்லியிருக்கலாம் என்று ஏட்டுக்குத் தோன்றியது. இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை வாயைவிட்டவர் என்பதால் பேசாமல் இருந்துவிட்டார்.

சிட்டுவின் கையிலிருந்த விலங்கு இப்போது மாப்பிள்ளையின் கையில். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"பட்டு... பட்டும்மா... ஒரே ஒரு தடவை என்னை மன்னிச்சிடு. உள்ள போய் நான் எப்படி இருப்பேன்?"

பட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து நின்று, அவனுடைய கலைந்த சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"கவலைப்படாதீங்க. ஜெயில்ல யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமாம். நம்பர்தான். உங்களுக்குக் குழப்பமே வராது."